கடல் தாண்டி உடுப்பு விற்பது: மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருதமுனையில் தறி வைத்திருப்பவர்கள், காத்தான்குடியில் அபாயா தைப்பவர்கள், மட்டக்களப்பில் வீட்டிலிருந்தபடியே முகநூலில் சாறி விற்கும் பெண்கள், வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் சந்தைப்படுத்தல் படிக்கும் பிள்ளைகள் என்று யாரோடு பேசினாலும் கடைசியில் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. வெளிநாட்டில் இருப்பவர் ஏன் ஒன்றை வாங்குகிறார், இன்னொன்றை ஏன் தொடாமல் போகிறார்? இதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். சுலபமான கேள்விகள் முன்னால், சிக்கலானவை பின்னால்.

வெளிநாட்டுக்காரங்களுக்கு என்ன நிறம் பிடிக்கும்? சொன்னா அந்த நிறத்திலயே நெய்வம்.

அப்படி ஒரு நிறம் கிடையாது. நம் இரண்டு மாவட்டங்களுக்குள்ளேயே பாருங்கள். வெள்ளைச் சாறியை மட்டக்களப்பில் கிறிஸ்தவ மணப்பெண் ஆசையோடு கட்டுகிறாள். பக்கத்து வீட்டு இந்துக் குடும்பத்தில் கலியாணத்துக்கு அதைக் கட்டினால் அம்மம்மா முகம் சுளிப்பார். அம்பாறையில் சிங்களப் பெண் போயா தினத்தில் விகாரைக்கு அதே வெள்ளையில் போகிறாள், செத்த வீட்டுக்கும் அதிலேதான் போகிறாள். நாடு மாறவில்லை, நிறமும் மாறவில்லை. நாளும், சுற்றியிருந்து பார்க்கும் கண்களும்தான் மாறின. சீனாவில் சிவப்பு கலியாண நிறம் என்பதும், அங்கே வெள்ளை துக்கத்தோடு சேர்ந்தது என்பதும் உண்மைதான். ஆனால் இன்றைய சீனப் பெண்கள் பலர் ஒரே கலியாண நாளில் வெள்ளைக் கவுனும் போடுகிறார்கள், சிவப்பு உடையும் உடுத்துகிறார்கள்.

ஆகவே "எந்த நாடு?" என்று தொடங்காதீர்கள். "எந்த நாளுக்கு, யார் முன்னால் உடுக்கப் போறீங்க?" என்று கேளுங்கள். இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போகும் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்வியிலிருந்து வருபவைதான்.

கலாசாரம் எண்டு சொல்றது மதத்தைத்தானே?

மதம் அதில் ஒரு பங்கு. குளிர், உடல்வாகு, வேலைக்குப் போகும் விதம், வீட்டில் துணி துவைப்பது கையாலா மெஷினாலா, காசு கொடுப்பவர் யார், பார்ப்பவர் யார் எல்லாமே உடுப்புத் தெரிவில் வேலை செய்கின்றன. ஒஸ்லோவில் இருக்கும் ஒருவர் கைத்தறிச் சாறியை வாங்காமல் விடுவதற்கு மதமோ ரசனையோ காரணமாக இருக்க வேண்டியதில்லை. அதைக் கஞ்சி போட்டு, இஸ்திரி பிடித்து வைக்க அங்கே அவருக்கு நேரம் இல்லாமல் இருக்கலாம்.

பெரிய கம்பனிகள் உலகம் முழுக்க ஒரே உடுப்பைத்தானே விக்கிறாங்க? நாங்க மட்டும் ஏன் மண்டையை உடைக்கோணும்?

உலகச் சந்தை ஒன்றாகிவிட்டது, ஒரே பொருளை எங்கும் விற்கலாம் என்று தியடோர் லெவிட் என்ற ஹார்வர்ட் பேராசிரியர் 1983இல் எழுதினார். ஜீன்ஸுக்கும் சப்பாத்துக்கும் அது ஓரளவு சரிவந்தது. ஆனால் அந்தக் கம்பனிகளே பிறகு என்ன செய்தன? யுனிக்லோ 2015இல் ஹனா தஜிமா என்ற வடிவமைப்பாளரோடு சேர்ந்து ஹிஜாபும் நீளச் சட்டைகளும் கொண்ட வரிசையை வெளியிட்டது. 2019இல் டெல்லியில் முதல் கடை திறந்தபோது குர்தாக்களையும் சேர்த்தே கொண்டுவந்தது. டோல்ச்சே கபானா 2016இல் அபாயா வரிசை போட்டது. 2017இல் நைக்கி விளையாட்டு வீராங்கனைகளுக்கான ஹிஜாபை அறிவித்தது.

பெயர், தரம், கடையின் தோற்றம் ஆகியவற்றை அவர்கள் எங்கும் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். நீளம், துணியின் தடிப்பு, எந்த மாதத்தில் எதை விற்பது என்பவற்றை இடத்துக்கு இடம் மாற்றுகிறார்கள். நம் அளவுக்கும் இதே வழி போதும். நெசவின் தரத்தையும் உங்கள் அடையாளத்தையும் மாற்றாதீர்கள், மற்றதெல்லாம் வளையலாம்.

அக்கா, கம்பஸ்ல ஹொஃப்ஸ்டீட் படிக்கிறம். தனிமனித நாடு, கூட்டு வாழ்க்கை நாடு எண்டு புள்ளி போட்டிருக்கு. இது கடைக்கு உதவுமா?

நாடுகளின் பண்பாட்டைப் புள்ளி போட்டு ஒப்பிட்ட நெதர்லாந்து ஆய்வாளர் ஹொஃப்ஸ்டீட், தன் கருத்துகளை எதை வைத்துக் கட்டினார் என்பதை முதலில் நினைவில் வையுங்கள். 1967 முதல் 1973 வரை ஐபிஎம் கம்பனியின் ஊழியர்களிடம் பல நாடுகளில் எடுத்த ஆய்வுத் தரவுகள் அவை. அலுவலக வேலை பற்றிய கேள்விகள்தான், உடுப்புப் பற்றியவை இல்லை. தன் புள்ளிகள் நாடுகளை ஒப்பிடத்தான், தனி ஆட்களை அளக்க அல்ல என்று அவரே சொன்னார்.

சோதனையில் எழுத உதவும், யோசிக்கத் தொடங்கவும் உதவும். கனடா தனிமனித நாடு என்று படித்துவிட்டு, ஸ்காபரோவில் ஒரு பிள்ளையின் சாமத்திய வீட்டுச் சாறியைத் தெரிவு செய்ய மூன்று நாடுகளிலிருந்து ஆறு பெண்கள் வாட்ஸ்அப்பில் கூடுவதைப் பார்த்தால், அந்தப் புள்ளிக்கு எவ்வளவு எல்லை இருக்கிறது என்பது விளங்கும்.

லண்டன், கனடால இருக்கிறது நம்ம ஆக்கள்தானே. அவங்களுக்கு விக்க என்ன கலாசாரம் பாக்கிறது?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. பலர் தடுமாறுவதும் இங்கேதான். அவர்கள் நம் ஆட்கள்தான். ஆனால் வாங்கும் பழக்கம் அவர்கள் வாழும் இடத்தில் பழகியது, எதை அழகு என்று நினைக்கிறார்களோ அது பெரும்பாலும் ஊரை விட்டுப் போன வருடத்தோடு நின்றுவிட்டது. 1990இல் போன ஒரு அம்மாவுக்குப் பருத்திக் கைத்தறி என்றால் ரீச்சர்மார் பள்ளிக்கூடத்துக்குக் கட்டும் சாறி. அதைக் கலியாண வீட்டுக்குக் கட்டச் சொன்னால் "இதென்ன, விசேஷத்துக்கா?" என்பார். அங்கே பிறந்த மகளுக்கோ அதே சாறி அருமையான பொருள். கையால் நெய்தது, இரசாயனம் குறைந்தது, நெய்தவர் ஊர் தெரியும் என்று தோழிகளிடம் சொல்லிக் கட்டுவாள். ஒரே வீடு, ஒரே அலுமாரி. அம்மாவுக்குக் கரையின் பகட்டையும் மகளுக்குத் தறியின் வீடியோவையும் காட்ட வேண்டியிருக்கிறது.

அடுத்தது, தெரிவு செய்பவர், காசு அனுப்புபவர், உடுப்பவர் மூவரும் ஒருவர் அல்ல. மகள் டிக்டொக்கில் காண்பாள், அப்பா காசு போடுவார், கல்லடியில் இருக்கும் சித்தி உங்கள் கடைக்கு வந்து துணியைத் தடவிப் பார்த்து "எடுக்கலாம்" என்று சொன்னால்தான் பார்சல் போகும். அந்தச் சித்தியை ஒரு வாடிக்கையாளராக நடத்துங்கள். அவர் கையில் ஒரு ரூபாயும் இல்லாவிட்டாலும் முடிவு அவருடையது.

காலமும் வேறு. அங்கே பள்ளி விடுமுறையும் வெயிலும் சேர்ந்து வரும் ஜூலை, ஓகஸ்டில்தான் கலியாணமும் சாமத்திய வீடும் குவியும். உடுப்பை ஏப்ரலுக்கு முன் காட்டியிருக்க வேண்டும். தீபாவளி அங்கே குளிரில் வருகிறது, முழுக்கை ரவிக்கை கேட்பார்கள். தையல்கூலி அங்கே அதிகம் என்பதால் ரவிக்கை தைத்து, கரையடித்து, தொங்கல் முடிந்து அனுப்பினால் அதுவே பெரிய உதவி. கொசுவம் மடித்துத் தைத்த சாறி கேட்கும் பிள்ளைகளைப் பார்த்துச் சிலர் வருத்தப்படுகிறார்கள். வருத்தப்படத் தேவையில்லை. கட்டத் தெரியாத பிள்ளை கட்ட ஆசைப்படுகிறாள், அதை மதியுங்கள்.

முஸ்லிம் பெண்களுக்கு அபாயா எங்கயும் ஒண்டுதானே? காத்தான்குடில தைக்கிறதை அப்படியே அனுப்பலாமே?

வளைகுடாவில் கறுப்பும் மெல்லிய வேலைப்பாடும் நெடுநாள் வழக்கம், நம் கடைகளிலும் அந்த வழிதான் வந்தது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் நிறம் நிறமாக, மேலும் கீழும் இரண்டு துண்டாக உடுப்பார்கள். துருக்கியில் நீளக் கோட்டு. இங்கிலாந்தில் பஸ்ஸில் வேலைக்குப் போகும் பெண்ணுக்குப் பை வைத்த, உள்ளே கம்பளிச் சட்டை போட இடம் விட்ட அபாயா வேண்டும். மறைப்பு எல்லோருக்கும் பொது, வெட்டு ஒவ்வொருவருக்கும் வேறு.

நாளையும் கவனியுங்கள். நோன்பு ஒவ்வொரு வருடமும் ஏறத்தாழ 11 நாள் முன்னால் நகர்கிறது. 2016இல் நோன்புப் பெருநாள் ஜூலையில் வந்தது, ஐரோப்பாவுக்கு அது கோடை. இப்போது மார்ச்சுக்கு வந்திருக்கிறது, அடுத்த வருடங்களில் முழுக் குளிருக்குள் போகும். போன வருடம் விற்ற மெல்லிய துணி அடுத்தடுத்த வருடங்களிலும் விற்கும் என்று தைத்துக் குவிக்க வேண்டாம்.

ஆறுகம்பேல வெள்ளைக்காரங்க நம்ம சாரத்தை வாங்கிக் கடற்கரைல விரிச்சுப் படுக்கிறாங்க, வெட்டிச் சட்டை தைக்கிறாங்க. மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு. அதுக்கேத்த மாதிரி நெய்யலாமா?

நெய்யலாம். துணியின் வரலாறே இப்படித்தான். சென்னைப் பக்கம் நெய்த கட்டம் போட்ட லுங்கித் துணி நூற்றாண்டுகளுக்கு முன்பே மேற்கு ஆபிரிக்காவுக்குப் போனது. நைஜீரியாவின் நைஜர் டெல்டாவில் வாழும் கலபாரி மக்கள் அதைத் தங்கள் உடையாகவே ஆக்கிக்கொண்டார்கள். பிறப்புச் சடங்கிலும் இறப்புச் சடங்கிலும் அந்தத் துணி இருக்க வேண்டும். கட்டத்தில் உள்ள சில நூல்களைக் கத்தியால் வெட்டி உருவி எடுத்துப் புதுக் கோலம் உண்டாக்குகிறார்கள். நெசவாளி பார்த்தால் துடித்துப்போவார். அவர்களுக்கோ அதற்குப் பிறகுதான் துணிக்கே பெருமை.

இன்னொரு கதை, நெதர்லாந்தில் ஹெல்மொண்ட் நகரத்து வ்லிஸ்கோ கம்பனியுடையது. 1846இல் தொடங்கியது. ஐரோப்பியத் தொழிற்சாலைகள் ஜாவாத் தீவின் பத்திக் துணியை மெஷினில் அச்சடித்து ஜாவாக்காரருக்கே விற்கப் பார்த்தன. மெழுகு வெடித்து வந்த கோடுகளை ஜாவாக்காரர் குறை என்றார்கள். மேற்கு ஆபிரிக்காவில் அந்தக் கோடுகளையே அழகு என்று எடுத்துக்கொண்டார்கள். இன்று ஆபிரிக்கத் துணி என்று உலகம் நினைக்கும் அச்சுத் துணி அந்த வழியில் வந்தது.

ஆகவே அலைச் சறுக்கலுக்கு வருபவர் சாரத்தை விரித்துப் படுப்பதில் அவமரியாதை எதுவும் இல்லை, அவருக்கு அது இலேசான, சீக்கிரம் காயும் துணி. அதற்கேற்ற அகலம், தைக்காத ஓரம், உப்புத் தண்ணீர் தாங்கும் சாயம் என்று யோசியுங்கள். பள்ளிவாசலுக்கு உடுக்கும் தரமான சாரத்தை அதே குவியலில் போடாமல் தனியாக, தனி விலையில் வையுங்கள். இரண்டையும் கலந்தால் உள்ளூர் ஆளும் முகம் திருப்புவார்.

சாயம் போகுது எண்டு ஒரு ஆள் பேஸ்புக்ல ஏசி எழுதிட்டார். என்ன செய்ய?

1958இல் அமெரிக்காவின் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குச் சென்னைக் கட்டத் துணி போனது. குளிர்ந்த தண்ணீரில் தனியாகத் துவைக்க வேண்டும் என்ற தகவல் வாங்கியவரிடம் போய்ச் சேரவில்லை. மெஷினில் போட்டார்கள், நிறம் கரைந்து மற்ற உடுப்பெல்லாம் கெட்டது. கொந்தளித்தார்கள். பிறகு விளம்பரக்காரர்கள் அதையே எடுத்து, ஒவ்வொரு துவைப்பிலும் நிறம் கலந்து புதிதாகும் துணி, சாயம் போவது உறுதி என்று சொல்லி விற்றார்கள். அது பெயரெடுத்தது.

இதிலிருந்து எடுக்க வேண்டியது விளம்பரச் சாமர்த்தியத்தை அல்ல. முதலிலேயே சொன்னால் அது துணியின் குணம், பிறகு சொன்னால் சாக்கு. கையால் துவைக்கும் நம் வீடுகளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை, மெஷின் மட்டுமே உள்ள வீட்டுக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஏசியவருக்குக் காசைத் திருப்பிக் கொடுங்கள், அடுத்த பார்சலிலிருந்து துவைக்கும் முறையை ஒரு துண்டில் எழுதி வையுங்கள். சாயமே தரமில்லை என்றால் துண்டு எழுதிப் பயனில்லை, சாயத்தை மாற்றுங்கள்.

சைஸ் 10 எண்டாங்க, அனுப்பினன். பெருசு எண்டு திரும்பி வந்திட்டு.

பிரித்தானியாவின் 10, அமெரிக்காவில் ஏறக்குறைய 6, ஜேர்மனியில் 36, இத்தாலியில் 42. அதுவும் கடைக்குக் கடை மாறும். இலக்கத்தை நம்பாமல் நெஞ்சு, இடுப்பு, தோள், நீளம் என்று அளவை அங்குலத்திலும் சென்ரிமீற்றரிலும் கேளுங்கள். சாறியை 6 யார் என்று மட்டும் எழுதாமல் ஐந்தரை மீற்றர் என்றும் எழுதுங்கள்.

துணியில் என்ன இருக்கிறது என்பதும் இதே வகைதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் எந்த நூல் எத்தனை வீதம் என்று லேபலில் காட்டுவது சட்டம். பொலியெஸ்டர் கலந்ததை அங்கே "100% பருத்தி" என்று விற்க முடியாது. இங்கேயும் அப்படி விற்கக் கூடாது என்பது என் நிலைப்பாடு.

இஞ்ச 5000 ரூபாக்கு விக்கிற சாறிக்கு வெளிநாட்டு ஆளிடம் கூடச் சொன்னா ஏமாத்துறதா?

வேலை கூடினால் விலை கூடலாம். ரவிக்கை, பொதி, கூரியர், வரும் முறைப்பாட்டுக்குப் பதில் சொல்லும் நேரம் எல்லாம் காசுதான். ஒன்றுமே கூடாமல் ஆளைப் பார்த்து விலை சொன்னால் அது ஏமாற்று. அதை மறைக்கவும் முடியாது, முன்பு சொன்ன சித்தி விலையைச் சொல்லிவிடுவார்.

பேரம் பற்றியும் ஒரு வார்த்தை. கல்முனைக் கடைத்தெருவில் விலை குறைத்துக் கேட்பது உறவின் ஒரு பகுதி, குறைத்துக் கொடுத்தால் இருவருக்கும் சந்தோசம். ஜேர்மன்காரர் ஒருவருக்கு, முதலில் சொன்ன விலை குறைந்தால் முதல் விலை பொய் என்று தோன்றலாம். இணையத்தில் ஒரே விலை எழுதுங்கள், கடையில் வழக்கம்போல நடங்கள்.

வரியை முன்கூட்டியே சொல்லாவிட்டால் உறவு கெடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலையிலிருந்து சின்னப் பார்சலுக்கும் பெறுமதி சேர் வரி உண்டு. அமெரிக்கா 800 டொலர் வரை தந்த விலக்கை 2025 ஓகஸ்ட் 29 முதல் எடுத்துவிட்டது. கனடாவில் விலக்கு வெறும் 20 கனடிய டொலர். "பரிசு எண்டு எழுதி விடுங்க" என்று கேட்பவர்களுக்கு மறுப்புச் சொல்லுங்கள். அது பொய்ப் பிரகடனம், பிடிபட்டால் பார்சலும் போகும்.

ஒருக்கா போட்டுப் பாத்திட்டுத் திருப்பி அனுப்புறாங்க. இது அநியாயம் இல்லையா?

ஐரோப்பாவிலும் பிரித்தானியாவிலும் இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்வது சட்டம் தந்த உரிமை. ஜேர்மனியில் இரண்டு மூன்று அளவு எடுத்து ஒன்றை வைத்துக்கொள்வது சாதாரணப் பழக்கம். அளவெடுத்து அவருக்கென்றே தைத்த உடுப்புக்கு அந்த உரிமை பொதுவாக இல்லை. அதனால் சைஸ் பற்றி மேலே சொன்னபடி அளவு கேட்டுத் தைப்பது உங்களுக்கும் பாதுகாப்பு.

விளம்பரப் படத்துக்கு வெள்ளைக்கார மொடல் இருந்தா மதிப்புக் கூடுமா? எங்கட பிள்ளைகள் முகம் காட்டவும் விரும்புறாங்க இல்ல.

முகம் காட்டாமலே நல்ல படம் எடுக்கலாம். துணியைப் பிடித்த கை, நடக்கும்போது விரியும் கரை, தறியில் ஓடும் நாடா, பாவு நூலின் வரிசை. காத்தான்குடியில் பல பெண்கள் முகம் தெரியாமலே நேரலையில் விற்கிறார்கள். குரலில் இருக்கும் நம்பிக்கைக்கே ஆட்கள் வருகிறார்கள். வெள்ளைக்கார மொடலை நான் பரிந்துரைக்க மாட்டேன். வாங்கும் பெண் தன் நிறத்தில் அது எப்படி இருக்கும் என்றுதான் பார்க்கிறாள்.

மற்றவர் பண்பாட்டைப் படத்தில் காட்டும்போது சிரிப்புக்கு ஆளாக்காதீர்கள். டோல்ச்சே கபானா 2018 நவம்பரில் ஒரு சீனப் பெண் குச்சியால் பீட்சா சாப்பிடத் தடுமாறும் வீடியோவை வெளியிட்டது. சீனாவில் கோபம் வெடித்தது. ஷாங்காயில் நடக்கவிருந்த காட்சி ரத்தானது, அங்குள்ள இணையக் கடைகள் அதன் பொருட்களை எடுத்துவிட்டன. அந்த நாட்டில் பிறந்த ஒருவரிடம் முன்பே காட்டி, மனம் திறந்து பேச விட்டிருந்தால் அந்த வீடியோ வெளியே வந்திருக்காது.

துணியில சாமிப் படம், எழுத்து, சக்கரம் எல்லாம் போடலாமா?

மிகவும் கவனம். நைக்கி 1997இல் 38,000 சோடி சப்பாத்துகளைத் திரும்பப் பெற்றது. தீப்பிழம்பு போல எழுதிய சொல், அரபியில் அல்லாஹ் என்ற பெயரைப் போலத் தெரிந்ததே காரணம். 1994இல் ஷனெல் கம்பனி காதல் கவிதை என்று நினைத்துக் குர்ஆன் வரிகளை உடையில் தைத்தது, மன்னிப்புக் கேட்டு அந்த உடைகளை அழிக்க வேண்டி வந்தது.

நம் நாட்டில் 2019 மே மாதம் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் கைது செய்யப்பட்டார். சட்டையில் இருந்தது கப்பல் சுக்கான் சக்கரம், பொலிஸ் அதைத் தர்மச் சக்கரம் என்று எடுத்துக்கொண்டது. பின்னர் அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் சட்டையை உடுத்தவர் பட்ட துன்பத்தை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது. விற்பவர் ஒரு நிமிடம் யோசித்தால், வாங்கும் ஆள் அந்தத் துன்பத்துக்குள் போகாமல் இருப்பார். புத்தர், சிவன், சிலுவை, பிறை, வேத வரி ஆகியவற்றை உடுப்பில் போடாமல் விடுங்கள். உங்களுக்கு விளங்காத எழுத்தையும் சேர்க்காதீர்கள். பூவும் இலையும் வாவி மீனும் தாராளமாக இருக்கின்றன.

பெரிய பிராண்ட் எங்கட டிசைனை எடுத்தா என்ன செய்யலாம்?

2025 ஜூனில் மிலானில் ப்ராடா காட்டிய செருப்பு அச்சு அசலாகக் கோலாப்பூர் செருப்பு. அதற்கு 2019இலேயே இந்தியாவில் புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப் பெயரைக் காக்கும் சட்டப் பதிவு, இருந்தது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகே, அந்தக் கைவினைதான் தூண்டுதல் என்று கம்பனி ஒப்புக்கொண்டது. 2021இல் இந்திய வடிவமைப்பாளர் சப்யசாச்சியும் எச் அண்ட் எம் கம்பனியும் சேர்ந்து போட்ட வரிசை வேகமாக விற்றது. கைவினை அமைப்புகள் வருந்திக் கடிதம் எழுதின, கையச்சுக் கலையின் சாயல் அதில் இருந்தும் கைவினைஞருக்கு வேலை கிடைக்கவில்லை என்று. கோலாப்பூர்க்காரருக்குக் குரல் கிடைத்தது, பெயரும் பதிவும் முன்பே இருந்ததால். நம் தறிக்காரர்கள் இன்றே செய்யக்கூடியது, கோலங்களைத் திகதியோடு படம் எடுத்து வைப்பதும், மருதமுனை என்ற ஊர்ப் பெயரை ஒவ்வொரு துணியிலும் தைப்பதும்.

அதே கேள்வியை நம்மிடமும் கேட்க வேண்டும். டுபாய்க் கடையின் அபாயாவைப் படம் பார்த்து அப்படியே தைக்கிறோம். விசைத்தறியில் வந்ததைக் கைத்தறி என்று சொல்லி விற்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் தறி போடுபவரின் சோற்றில் அது நேராகக் கை வைக்கிறது.

கிழக்கு மாகாணம், யுத்தம், சுனாமி, விதவைப் பெண்கள் எண்டு கதை சொன்னா வெளிநாட்டில நல்லா விக்குமாமே?

முதல் தடவை விற்கும். இரக்கத்தில் வாங்கும் ஆள் ஒன்றை வாங்கி, மனம் நிறைந்து, அத்தோடு போய்விடுவார். சாறி அலுமாரியில் கிடக்கும். அவர் அதை எந்த நாளுக்கும் யார் முன்னாலும் உடுக்க நினைத்து வாங்கவில்லை. அடுத்த பண்டிகைக்குத் திரும்பி வருபவர், துணி நன்றாக இருந்ததால் வருபவர்.

புலம்பெயர்ந்த நம் ஆட்களிடம் இந்தக் கதை வேறு மாதிரி வேலை செய்கிறது. அது அவர்களுடைய கதையும்தான். சிலருக்கு அது பழைய காயத்தைக் கிளறும், சிலர் நம் துயரத்தை விற்கிறீர்களே என்று கோபப்படுவார்கள். இரண்டும் நியாயமே.

அதற்காக ஒன்றும் சொல்லக் கூடாது என்றில்லை. நெய்தவரின் பெயர், எத்தனை வருடமாகத் தறியில் இருக்கிறார், இந்தக் கரையை யாரிடம் பழகினார், ஒரு சாறிக்கு அவர் கையில் எவ்வளவு கூலி போகிறது. இவற்றை அவரிடம் கேட்டு, எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டி, அவர் சரி என்றால் போடுங்கள். கணவரை இழந்தது பற்றி அவரே சொல்ல விரும்பினால் அவர் சொற்களில் வரட்டும். விரும்பாவிட்டால் அவர் நெய்த கரையைப் பற்றி மட்டும் எழுதுங்கள், அதிலேயே எழுத நிறைய இருக்கிறது. படம் எடுத்த பிறகு மனம் மாறி "எடுத்திடுங்க" என்று சொன்னால், ஓடர் எத்தனை வந்திருந்தாலும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.